அந்த ஒரு சாண் இடம்

ஒரு விஷயம் ஏழு நாள் ஒழுங்காக வேலை செய்துவிட்டால் எட்டாவது நாள் அதில் கை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். அந்த எட்டாவது நாள் என் அக்காவின் நிச்சயதார்த்தமாகவும் அமைந்துபோனது.

அதற்குமுன் எங்கள் வீட்டு மோட்டார் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வீடு திண்டுக்கல் நாகல் நகரில். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் பிடித்துவைத்து, மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். அப்பா ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். மோட்டார் போட்டதும் மாடிக்குப் போய், தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தபடி நிற்பார். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் விசில் அடிப்பார். அடுப்படியில் இருக்கும் அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைப்பாள். முப்பது வருடம் பள்ளி மைதானத்தை அதிரவைத்த விசில் அது. (எதிர்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் குக்கரை இறக்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.)

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பேங்க் பரீட்சைக்கு என்னை மதுரையில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று அப்பா துடித்தார். எனக்கு வேண்டியது எங்கள் வீட்டின் முன்னறை. ரோட்டைப் பார்த்த அந்த அறையில் அப்பாவின் பழைய கோப்பைகளும் காற்றுப் போன கால்பந்துகளும் குடியிருந்தன. அதைக் காலி செய்து கொடுத்தால், மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் பெட்டிகள் செய்து விற்பேன் என்றேன்.

அப்பா யோசித்தார். பிறகு ஒரு போட்டி விதியைப் போல அறிவித்தார்.

"ஸ்டெல்லா நிச்சயத்தன்னிக்கு வீடு நெறைய ஆளு இருக்கும். அன்னிக்கு நான் மாடிக்கு ஏற மாட்டேன். விசிலத் தொட மாட்டேன். அன்னிக்கு ஒம் பெட்டி ஒழுங்கா ஓடிருச்சுன்னா ரூம் ஒனக்கு. இல்லையின்னா திங்கக்கிழம மதுர பஸ்ஸு."

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! அன்றைக்கே ஓர் அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொட்டி மூடிக்கு உள்பக்கம் தண்ணீரைப் பார்த்த மாதிரி மாட்டினேன். நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அது கீழே அனுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். தூரம் அதிகமென்றால் மோட்டார் ஓடும், குறைந்தால் நிற்கும். சர்க்யூட் பலகையையும் ஒயர்களையும் என் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் அடைத்து சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். முதல்முறை அது "டிக்" என்று சொல்லி மோட்டாரைத் தானாக நிறுத்தியபோது நான் போட்ட கூச்சலில் அம்மா தாளிப்பைக் கருக விட்டுவிட்டாள். ஒரு வாரம் பிசகே இல்லை. தொட்டியின் நிலவரம் என் போனில் சதவீதமாக வரும். சாப்பிடும்போது, ஜெபத்தின்போது, தூக்கத்துக்கு நடுவில் என்று எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் டிபன் பாக்ஸுக்குக் கீழே ஓர் ஆணியில் சும்மா தொங்கியது.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏடி ரீட்டா, மேல ஒண்ணரைச் சாண் தொட்டி சும்மா கெடக்கு. பத்துக் கொடம் தண்ணி புடிக்கும். இம்புட்டு எடத்த எதுக்குடி விட்டு வச்சிருக்க?"

விளிம்புக்கு ஒண்ணரைச் சாண் கீழேயே நிற்கும்படி நான்தான் வைத்திருந்தேன். சென்சாரோடு வந்த சீட்டில் அப்படி ஏதோ போட்டிருந்த ஞாபகம். ஏன் என்று முழுதாகப் படிக்கவில்லை. திண்டுக்கல்லில் தண்ணீர் பிடிக்க இடமிருந்தும் பிடிக்காமல் விடுவது சோற்றைக் கீழே கொட்டுவதற்குச் சமம். எனக்கும் அந்த ரத்தம்தானே. போனை எடுத்து, ஒண்ணரைச் சாணை நாலு விரலாக மாற்றினேன். சோதித்துப் பார்க்கவில்லை. பார்லருக்கு நேரமாகிவிட்டது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் செம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வாசலில் ஷாமியானா. அதன் ஒரு பக்கத்துக் கயிறுகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தோம். மாடியில் விழும் மழைத் தண்ணீர் வெளியேறும் குழாய் நேராக அந்தத் துணிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் அதைப் பற்றி யார் நினைப்பார்கள்? அதற்கு நேர் கீழே முதல் வரிசையில், பட்டு வேட்டியில் உட்கார்ந்தார் மாப்பிள்ளையின் தாய்மாமா. திராட்சைத் தோட்டக்காரர். அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் முடிவு என்று அக்கா எனக்கு முன்பே எச்சரித்திருந்தாள்.

உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்த சமயம் சமையல்காரர்கள் தொட்டியைப் பாதி காலி செய்திருந்தார்கள். உள்ளே "டிக்" என்றது. மோட்டார் ஓடியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெபம் முடிந்து தட்டு மாற்றும் முன் கிடைத்த இடைவெளியில், என்னம்மா போனையே பார்க்கிறாய் என்று மாமா கேட்டதுதான் தாமதம், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சத்தம், எதிரொலி, சதவீதம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கும் தோட்டத்தில் தொட்டி வழிகிற பிரச்சினை இருந்ததாம். ஆர்வமாகக் கேட்டார். எண்பது, எண்பத்தைந்து என்று ஏறிக்கொண்டே வந்த எண் திடீரென்று பூஜ்யம் ஆனது. சமையல்காரர்கள் இப்படியா தண்ணீரை இறைப்பார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

"தொட்டி காலி மாமா. ஆனா பாருங்க, யாரும் சொல்லாமலே மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு," என்றேன் பெருமையாக.

அவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டார். இன்னொன்று விழுந்தது. மெல்ல அண்ணாந்து பார்த்தார். ஷாமியானாத் துணி அவர் தலைக்கு மேல் நிறைமாத வயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏத்தா," என்றார் நிதானமாக, "காலித் தொட்டியா இப்பிடி வழியுது?"

நான் பதில் சொல்வதற்குள் கயிறு அறுந்தது.

அவ்வளவு தண்ணீரும் ஒரே வீச்சில் மாமா மேல் இறங்கியது. பட்டு வேட்டி, தாம்பாளத் தட்டு, அக்காவின் நிச்சயப் புடவை, உபதேசியாரின் ஜெபப் புத்தகம் என்று ஒன்றும் தப்பவில்லை. மேலே குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா புடவை முந்தானையைப் பிழிந்தபடி என்னையே பார்த்தாள். அவள் கல்யாணம் என் டிபன் பாக்ஸால் நின்றுபோகப் போகிறது என்றே நினைத்தேன்.

அப்போது அப்பா வீட்டுக்குள் பாய்ந்தார். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து அங்கேயே நின்று ஊதினார். அப்படி ஊதுவதற்குப் பதில், முழத் தூரத்தில் இருந்த சுவிட்சை அவரே அணைத்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. வாசலில் கூப்பிய கையோடு நின்றிருந்த அம்மா, விசிலைக் கேட்டதும் சம்பந்தி, சபை எல்லாம் மறந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடி, அவரை இடித்துத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. தண்ணீர் நின்றது. மாமா முகத்தை வழித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்த விசிலு எங்க கெடைக்கும்? நம்ம தோட்டத்துக்கு ஒண்ணு வேணும்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு வேன் முழுக்கச் சிரித்தது. கடைசியாக, ஈரப் புடவையோடு அக்காவும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது, நிம்மதியில். தட்டு மாற்றினார்கள். நிச்சயத்துக்கென்று லாரியில் வாங்கி ஊற்றிய சம்ப்புத் தண்ணீர் முழுக்க வாசலில் போய், தொட்டியில் நின்றதும் சமையலுக்கும் பாத்திரத்துக்குமே தீர்ந்துவிட்டதால், பிரியாணிக் கையைக் கழுவ வீட்டுக்கு ஒரு குடமாகத் தெருவே தூக்கிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அந்தச் சீட்டை முழுதாகப் படித்தேன். தண்ணீர் ஒரு சாணுக்குள் வந்துவிட்டால் சென்சாருக்குக் கண் தெரியாது. சத்தத்தை அனுப்பி முடித்துக் கேட்கத் தயாராவதற்குள் எதிரொலி வந்துவிடுமாம். (தான் பேசி முடிப்பதற்குள் யார் பதில் சொன்னாலும் எங்கள் அம்மா காதில் விழாது. அதே கோளாறுதான்.) எதிரொலி வராவிட்டால் தொட்டி காலி என்று எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதிவைத்த மகராசி நான்.

திங்கட்கிழமை மதுரை பஸ்ஸில் ஏறினேன். அப்பா சொன்ன சொல் மாற மாட்டார். மூன்றாவது வாரம் மாமா போன் செய்து, மாஸ்டர் மகளை அனுப்பி வையுங்கள், தோட்டத்துத் தொட்டிக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்றார். அப்பா முன்னறைக் கால்பந்துகளைப் பரணுக்கு ஏற்றினார். என் பெட்டிகள் எல்லாம் இப்போது ஒண்ணரைச் சாண் விட்டே நிற்கின்றன. எதிரொலி வராவிட்டால் மோட்டாரை அணைத்துவிடுகின்றன. அந்த இடத்தைப் பார்த்து அம்மா இன்னும் பெருமூச்சு விடுகிறாள்.

மாமா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதோடு விடுவதில்லை. போன கோடையில் செம்பட்டிப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. திராட்சைக் கொடி வாடுகிறது என்று போன் செய்தார். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"அதெல்லாம் வேணாத்தா. தொட்டி காலின்னு ஒரே ஒரு தடவ சொல்லு. போதும்."