பத்து மாதக்காரனின் பகல் சாப்பாடு

பூசணித் துண்டு இரண்டாம் தடவையும் றுவைஸின் நெற்றியில் வந்து விழுந்தது. எறிந்தவன் அவருடைய மகன் இஹ்ஸான். வயது பத்து மாதம், குறி மட்டும் தப்பவே இல்லை.

"வாயே திறக்கிறான் இல்ல, நிப்லா. அடுத்த மாசம் கிளினிக்ல நிறுக்கப் போறாங்க. கார்ட்டில கோடு கீழ இறங்கினா என்ன செய்யிற?"

ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. கிண்ணியாவில் யார் வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் றுவைஸ் உடனே தன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்ப்பார்.

மனைவி நிப்லா பதறவில்லை. "மிட்வைஃப் மிஸ் சொன்னது ஞாபகமில்லையா? வாப்பா திண்டு காட்டினாத்தான் புள்ள திங்குமாம். நீங்க முதல்ல ஒரு வாய் வைங்க."

அங்கேதான் சிக்கல். துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்தும் றுவைஸுக்கு மரக்கறி என்றாலே ஆகாது. கொத்துரொட்டி, பொரித்த மீன், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, அவ்வளவுதான் அவர் உலகம். நிறையும் சீனியும் கூடிவிட்டதாகச் சொன்ன அவருடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒன்று அலுமாரிக்கு மேல் நான்கு மாதமாகத் தூசி குடித்துக் கிடந்தது.

பிள்ளைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு பூசணியை விழுங்கினார். இஹ்ஸான் கைகொட்டிச் சிரித்தான். வாயை மட்டும் திறக்கவில்லை.

"சிரிக்கான் பாருங்க. நாளைக்கு பீட்ரூட் வைப்பம்."

பீட்ரூட்டுக்கு றுவைஸ் ஒரு தந்திரம் வைத்திருந்தார். மெல்லுவதுபோல் தாடையை ஆட்டிவிட்டு, துண்டுகளைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். வேலைக்குத் திரும்பி எஞ்சின்மேல் குனிந்தபோது பை நசுங்கியது. பக்கத்துப் படகில் இருந்த, அண்ணன் முறையான ஸெய்னுதீன் காக்கா, சிவந்துபோன அவர் நெஞ்சைக் கண்டு இரத்தம் என்று நினைத்துப் பாய்ந்து வந்தார்.

"றுவைஸ், ஆடாம இரு. கதைக்காத."

"ஒண்டுமில்ல காக்கா, இது பீட்ரூட்."

"அறிவு கெட்டுக் கதைக்கான். ஓட்டோவக் கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் தாதி பைக்குள்ளிருந்து நான்கு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் அவரை விட்டார்கள். செய்தி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

"பச்சப் புள்ளய ஏமாத்துறீங்களா?" என்றாள் நிப்லா. அவள் குரலை உயர்த்தாததுதான் றுவைஸுக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் விழுங்கி முடிக்கும்வரை அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அவித்த கரட் போனது. பப்பாசி போனது. பாகற்காய் வந்த அன்று றுவைஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"பத்து மாசப் புள்ளைக்கு பாவக்காயா?"

"எல்லா ருசியும் பழகோணுமாம். மிஸ் சொன்னவ."

ஒருநாள் ஆசைக்குக் கொத்துரொட்டிப் பொதியோடு வந்தார். இஹ்ஸான் தாவிக் கைநீட்டினான். அதோடு வீட்டுக்குள் கொத்துரொட்டி வருவது நின்றது. பிள்ளை கோப்பையைப் பார்க்கிறான் என்று தேத்தண்ணியில் சீனியும் நின்றது. பகல் பன்னிரண்டுக்கு அவர் சாப்பிட வரும்போதெல்லாம் பிள்ளையின் சட்டையில் மஞ்சள் கறை இருக்கும், நேற்று எறிந்த பூசணி என்று நினைத்துக்கொள்வார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்கியபோது, பிள்ளைக் கவலை தன்னைத் தின்கிறது என்று நம்பினார்.

கிளினிக் நாள் வந்தது. மிட்வைஃப் நிவேதிகா மிஸ் இஹ்ஸானைத் தராசில் தொங்கவிட்டார். றுவைஸ் கண்ணை மூடி ஓதிக்கொண்டு நின்றார்.

"கார்ட்டில கோடு பச்சைக்குள்ளதான் நிக்குது. மகனுக்கு நிறை நல்லா ஏறியிருக்கு."

றுவைஸ் கண்ணைத் திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ். ஆனா மிஸ், அவன் ஒரு வாய் திண்டு நான் காணல்லையே."

மிஸ் பெரியவர்களை நிறுக்கும் தராசைக் காட்டினார். "நீங்கள் இதில ஏறுங்கோ."

ஒன்றும் விளங்காமல் ஏறினார். நிப்லா தன் கைப்பையிலிருந்து பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மிஸ் அதையும் தராசு முள்ளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மூண்டு கிலோ குறைஞ்சிட்டுது. மகன் பதினொரு மணிக்கே சாப்பிட்டு முடிக்கிற கதையை இனி இவருக்குச் சொல்லலாம், நிப்லா."