நாற்பதுக்கு நாற்பது பயம்

தென்காசித் தாலுகாவிலேயே தோல்வியைக் கண்டு அதிகமாகப் பயந்த பெண் நான்தான். இதை நான் சொல்லவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், மெத்தப் படித்த ஒரு அம்மாள் மார்க் போட்டு, கூட்டிப் பார்த்து, அடியில் இரண்டு கோடு கிழித்துச் சொன்னது. அன்றைக்கே நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்வதாக இல்லை. ஆனால் அந்த நாற்பது மார்க்கையும் நானே உட்கார்ந்து என் கையால் சம்பாதித்தேன் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்து, சர்டிபிகேட் புத்தகம் வாங்குவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம், பதினோரு பெண்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசித் தெருக்களில் சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரம். என் பையில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. சேருவதற்கான விண்ணப்பம் இருந்தது. அதில் இரண்டு கையெழுத்து விழ வேண்டும். ஒன்று எங்கள் தலைமையாசிரியை போட வேண்டியது. அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். இன்னொன்று அப்பா போட வேண்டியது. அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. வீட்டு பீரோவில் வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஜாதகம் ஒன்று தயாராக இருந்தது. விண்ணப்பம் போகாவிட்டால் ஜாதகம் வெளியே வரும். அவ்வளவுதான் கணக்கு.

புத்தகம் தருவதற்கு முன்னால் பெரிய டீச்சர் எங்களை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு இளம் மேடம் உள்ளே வந்தார். மெட்ராஸில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்கிறாராம். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாராம். பெரிய டீச்சருக்குத் தூரத்து உறவு.

"பயப்படாதீங்கம்மா. இது பரீட்சை இல்லை. இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. மனசுல பட்டதை எழுதுங்க. பத்தே நிமிஷம்," என்றார்.

(வலிக்காது என்று சொல்லித்தானே ஊசி போடுகிறார்கள்!)

தாள் கொடுக்கிறார்கள். பெஞ்சுக்கு இரண்டு பேராகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். கடிகாரம் பார்க்கிறார்கள். பிறகு பரீட்சை இல்லை என்றால் எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்? தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. பெயர் எழுதாவிட்டால் மார்க் வேறு யாருக்காவது போய்விடுமே என்று, பெயரையும் எஸ்.எஸ்.எல்.சி. ரிஜிஸ்டர் நம்பரையும் பெரிதாக எழுதினேன்.

மொத்தம் பத்து வாக்கியங்கள். 'நான் தோற்றால் பிறர் என்னை மதிக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறேன்.' 'நான் தோற்றால் என் குடும்பத்தார் வருந்துவார்கள் என்று அஞ்சுகிறேன்.' இப்படியே எல்லாம் அஞ்சுகிறேன், அஞ்சுகிறேன் என்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே சைபரிலிருந்து நாலு வரை எண்கள். சைபர் என்றால் 'ஒருபோதும் இல்லை'. நாலு என்றால் 'எப்போதும்'. ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும்.

எனக்கு இரண்டு நிமிஷத்தில் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. பத்துக் கேள்வி, கேள்விக்கு நாலு மார்க், ஆக நாற்பது. நாலு மார்க் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது எவளாவது சைபரை வட்டமிடுவாளா? பதினோரு வருஷமாக எங்களுக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தானே! வரிசையாகப் பத்து நாலு. சுத்தமாக வட்டமிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். (வேறு பெருமை எனக்குக் கிடையாது, இதையாவது சொல்லிக்கொள்கிறேன்.) மாதப் பரீட்சைகளில் என் தாள் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. வலது முழங்கையைக் கொஞ்சம் நகர்த்தினால் பக்கத்தில் இருக்கும் புஷ்பத்துக்குத் தெரியும். அவளிடமிருந்து பின்பெஞ்சுக்குப் போகும். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் முழங்கை தானாக நகர்ந்தது. காப்பி அடிப்பதில் எங்கள் வகுப்புக்கு ஒரு தர்மம் உண்டு. அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று ஒன்றிரண்டை வேண்டுமென்றே மாற்றி எழுதுவார்கள். ஆகவே புஷ்பத்துக்கு முப்பத்தொன்பது. மற்றவர்களுக்கு முப்பத்தெட்டும் முப்பத்தேழும். நாற்பது எனக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. விண்ணப்பம் திங்கட்கிழமைத் தபாலில் போயாக வேண்டும். கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் கூடவே போய்க் கதவோரம் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒங்க மகளுக்குப் படிப்பு நல்லா வரும். அதுல குறையில்ல. ஆனா பயம் ரொம்ப இருக்கு. மெட்ராஸ்ல இருந்து வந்தவ அளந்து சொல்லுதா. நாப்பதுக்கு நாப்பது," என்றார் பெரிய டீச்சர்.

அப்பா முகம் மலர்ந்தது. "நாப்பதுக்கு நாப்பதா? அப்பம் பாஸ்தான டீச்சர்?"

"பாஸ் இல்ல அண்ணாச்சி. அது பயத்துக்குப் போட்ட மார்க்கு. தோத்துருவோமோ தோத்துருவோமோன்னு உள்ளுக்குள்ள நடுங்குதாளாம். ஹாஸ்டல்ல தனியா விட்டா ஒடஞ்சு போயிருவா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுதது? யோசிச்சுச் செய்யிங்க."

அப்பா யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நல்ல வேளை, முன்கூட்டியே தெரிஞ்சுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய நடையில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நான் அழவில்லை. (சரி, அழுதேன். ஆனால் அது கோபத்தில் வந்த அழுகை. அதற்கெல்லாம் மார்க் போடக்கூடாது.)

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புஷ்பம் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, புஷ்பத்தையும் இழுத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

"என்னட்டி பண்ணப்போற?" என்று புஷ்பம் வழி நெடுகக் கேட்டாள்.

"எனக்குப் பயமே கிடையாதுன்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன்."

"அதை ஒரு கார்டுல எழுதிப் போடக்கூடாதா?"

மேடம் தங்கியிருந்த வீட்டில், அவர் பேரருவிக்குக் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்திருக்கலாம். மூளை உள்ளவள் காத்திருந்திருப்பாள். நான் நேரே அருவிக்குப் போனேன். பெண்கள் பக்கம் திமிலோகப்பட்டது. முந்தின நாள் மலையில் நல்ல மழை. தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. தலைநிறைய எண்ணெயோடு ஐம்பது அறுபது பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருவிக்குள் நிற்கிறபோது பணக்காரி, ஏழை, வாத்தியாரம்மா, வீட்டுக்காரம்மா எல்லாரும் ஒன்றுதான். தலைமுடி முகத்தை மூடியிருக்கும். கண் மூடியிருக்கும். வாய் மட்டும் திறந்திருக்கும்.

மேடத்தின் கண்ணாடியை வைத்துத்தான் நான் அவரை அடையாளம் வைத்திருந்தேன். அருவியில் யார் கண்ணாடி போட்டுக் குளிக்கிறார்கள்? ஒல்லியான உருவம், ஓரத்தில் ஒன்று நின்றது. அதுதான் என்று முடிவு கட்டினேன். பாவாடை தாவணியோடு உள்ளே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். முதுகில் தண்ணீர் அறைந்தது. அந்தச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"எனக்கா பயம்? நாப்பது மார்க்கு போட்டீங்களே, எனக்கா பயம்? நீங்க சொன்னதை எங்க பெரிய டீச்சர் அப்படியே நம்பிட்டாங்க! அவங்கதான் பயந்தாங்கொள்ளி! இன்ஸ்பெக்டர் வந்தா அவங்க கை நடுங்குத நடுக்கத்துல சாக்பீஸ் நிக்காது! அவங்களை ஒக்கார வச்சு அளங்க, நாப்பதுக்கு அம்பது வரும்!"

பக்கத்தில் குளித்த அம்மாள், "ஏட்டி, மாமியா மருமக சண்டையை வீட்டுல வச்சுக்கிடக் கூடாதா?" என்றாள்.

நான் பிடித்திருந்த கை என்னைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரை விட்டு வெளியே இழுத்து வந்தது. முடியை விலக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது, பெரிய டீச்சர்.

இரண்டு படி தள்ளி, துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேடம் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். புஷ்பத்தைத் தேடினேன். அவள் அந்நேரம் பஸ் ஸ்டாண்டைத் தொட்டிருப்பாள்.

வெள்ளைக் காட்டன் சேலை கசங்காமல் வரும் பெரிய டீச்சரை, ஈரச்சேலையில் நடுங்கிக்கொண்டு நிற்கப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் கத்த வேண்டியதைக் கத்தியாகிவிட்டது. இனி குனிந்து என்ன, நிமிர்ந்து என்ன? நிமிர்ந்தே நின்றேன்.

"ஒனக்குப் பயமில்லன்னா நாலு நாலா ஏன் போட்ட?" என்றார் பெரிய டீச்சர்.

"அதான் டீச்சர் கூடுதல் மார்க்கு."

மேடம் துடைப்பதை நிறுத்தினார். "அப்போ மத்தப் பத்துப் பேரும்?"

"என்னைப் பாத்துதான் மேடம் எழுதுனாங்க. பாத்தது தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு குறைச்சுப் போட்டாங்க."

மேடம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வட்டாரத்துப் பெண்களுக்குப் பயம் மிக அதிகம் என்று ஏழெட்டுப் பக்கம் எழுதி முடித்திருந்தாராம். "ஐயோ, எங்க ப்ரொஃபசர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார்.

"அது முதல் கேள்வி மேடம்," என்றேன். சத்தியமாக நான் கேலியாகச் சொல்லவில்லை.

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "பப்ளிக் பரீட்சையிலயும் இப்படித்தானா?" என்று கேட்டார். அம்மன் மேல் ஆணையாக இல்லை என்றேன். (அங்கே நிஜமாகவே தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.)

"நாளைக்குக் காலையில வா, கையெழுத்துப் போடுதேன். எனக்கு நடுங்கத்தான் செய்யும், அதனால எழுத்து கோணலா இருக்கும். ஒங்க அப்பாவை நீதான் சமாளிக்கணும்," என்றார்.

ஈரத் துணியோடு வீட்டுக்குப் போனேன். மேடத்திடம் கேட்டு வாங்கிய எழுதாத தாள் ஒன்று கையில் இருந்தது. கடைக்கு விடுமுறையாதலால் அப்பா வீட்டில் இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பயப்படுகிறவள் அருவிக்குள் போய் வாத்தியாரம்மாளோடு சண்டை போடுவாளா என்று கேட்டேன்.

"அப்பா, இந்தத் தாள்ல உள்ளதை நான் வாசிக்கேன். நீங்க சொல்லுங்க," என்றேன். "நான் தோத்துட்டு வந்தா ஊர் என்ன சொல்லும்னு ஒங்களுக்குப் பயமா?"

அப்பா பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாட்டி," என்றார்.

"எவ்வளவு?"

"நாலு போட்டுக்கோ. நான் எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை பெயிலு. எங்கப்பா ஒரு மாசம் கடைத்தெருவுல தலை காட்டல. யாராவது சிரிச்சாலே, நம்மளைப் பாத்துதான் சிரிக்கான்னு அவருக்குத் தோணும். அதான் பயமா இருக்கு. ஒன்னைய நினைச்சு இல்ல, என்னைய நினைச்சு."

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாவமாக இருந்தது. மீதி ஒன்பது கேள்வியை நான் வாசிக்கவில்லை. அவர் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார்.

"பயந்துக்கிட்டேதான் போடுதேன், தெரிஞ்சுக்கோ," என்று கையெழுத்துப் போட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு நல்லது. நான் பாளையங்கோட்டைக்குப் போனேன். மார்தட்டிக்கொண்டு போனேன். வருஷக் கடைசியில் பி.யூ.சி. முடிவு பத்திரிகையில் வந்தது. அதில் என் நம்பர் இல்லை. பௌதிகம் போய்விட்டது.

அப்போது தெரிந்தது பயம் என்றால் என்ன என்று. அந்தப் பத்து வாக்கியமும் பஸ்ஸில் என்னோடு உட்கார்ந்து வந்தன. தென்காசியில் இறங்கி, தாவணியால் தலையை மூடிக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் போகாமல் சந்து வழியாகப் போனேன். சந்தில் எதிரே வந்த பூக்காரி, "என்ன தாயி, பௌதிகம் போச்சாமே? செப்டம்பர்ல எழுதிருவியாம்லா," என்றாள். நாலு வீடு தள்ளித் தையல்காரர், "பௌதிகம் கஷ்டந்தாம்மா," என்றார். பௌதிகம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "யாருப்பா ஊரெல்லாம் சொன்னது?"

"நான்தாட்டி," என்றார் அப்பா. "காலையில பேப்பர் பாத்த ஒடனே கடைத்தெருவுல இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். எம்மக பெயிலு, செப்டம்பர்ல எழுதுவான்னு. அவனுவ சொல்லி நான் கேக்குததுக்குத்தான எனக்குப் பயம்? நானே சொல்லிட்டேன். முடிஞ்சு போச்சு. கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

செப்டம்பரில் எழுதினேன், பாஸ். அதை அப்பா தானாக யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. பாஸ் என்றால் மெதுவாகத் தெரியட்டும். பெயில் என்றால் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்துவிட்டுத்தான் சாப்பாடு. வந்த மருமகள்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் முதலில் இது விளங்காது. ஒரு பரீட்சை போனால் விளங்கிவிடும்.

போன மாதம் என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். நாற்பத்தைந்து வயது, தொழில் தொடங்கிப் பெரிதாக நஷ்டப்பட்டு மூடிவிட்டான். "அத்தே, பெயிலு," என்றான். "நம்ம தெருவுல நீங்களே சொல்லிருங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.