மானுக்கும் புலிக்கும் பிக்கப் இல்லை

ஒரு காட்டில் புலிகள் எல்லாம் கார் வாங்கிவிட்டன. அதைப் பார்த்து மான்களும் வாங்கின. வாங்காமல் என்ன செய்யும்? கார் வந்த பிறகு அந்தக் காட்டில் காலால் ஓடுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. துரத்துவதும் காரில்தான், தப்பிப்பதும் காரில்தான்.

மருதாயி என்ற புள்ளிமானும் ஒரு பெட்ரோல் கார் வாங்கி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் எடுத்தாள். சமதரையில் நன்றாக ஓடிய வண்டி, மூங்கில் மேட்டில் மட்டும் மூச்சுத் திணறியது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இருமும், குலுங்கும், பிறகு நின்றேபோகும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டில் குட்டி காத்திருக்கும். இந்தப் பக்கம் மூங்கில் புதரில் ஒரு புலி குடியிருந்தது. நடுவில் வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் வண்டி அப்படி நின்றபோது, வேங்கையப்பன் என்ற அந்தப் புலி தன் பெரிய காரில் பின்னாலேயே வந்துவிட்டார். மருதாயிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் கொஞ்ச தூரத்தில் அவருடைய காரும் இருமியது, குலுங்கியது, நின்றது. இறங்கி நாலு எட்டு நடந்தால் இரவுச் சாப்பாடு. நடப்பதா? யாராவது பார்த்துவிட்டால்? புலி கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“உனக்கும் பிக்கப் இல்லையாம்மா?”

“இல்லீங்கய்யா. மேடு வந்தா இழுக்கவே மாட்டேங்குது.”

“எனக்கும் அதேதான். போன வாரம் ஒரு காட்டுப்பன்னி கண்ணு முன்னாடியே தப்பிச்சுப் போயிட்டான்.”

“ஐயோ பாவம்,” என்றாள் மருதாயி. ஒரே கோளாறுள்ள வண்டிக்காரர்களுக்குள் வருகிற பாசம் அப்படி.

மறுநாள் இருவரும் சேர்ந்தே சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். அங்கே பொறுப்பில் இருந்தது ஓர் உடும்பு. பிடித்த பதிலை விடாது. சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே ஓடுது. நீங்க ஓட்டுற விதம் அப்படி,” என்றது. புலியிடம், “ஏசியைப் போட்டுக்கிட்டு மேடு ஏறாதீங்க சார்,” என்றது. புலி தலையாட்டிவிட்டுத் திரும்பினார். காட்டையே நடுங்க வைப்பவருக்கும் சர்வீஸ் சென்டரில் வாய் வராது.

மருதாயிக்குத்தான் பொறுக்கவில்லை. கார் வைத்திருந்த மிருகங்களையெல்லாம் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தாள். விசாரித்தால் எல்லோர் வண்டியிலும் அதே இருமல். சங்கமே திரண்டு போய் உடும்பை அவள் வண்டியில் ஏற்ற, அவள் அதை மூங்கில் மேட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனாள். வண்டி வழக்கம்போல் நின்றது. புலியின் புதரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு உடும்புக்கு ஞானம் பிறந்தது.

“டேங்க்ல இருக்கிற பம்ப்புல கோளாறும்மா. மேட்டுல இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏறல. எல்லா வண்டியிலயும் இதான். உங்க வண்டிக்கு மட்டும் புதுசு மாத்திடறேன். வெளிய சொல்லிடாதீங்க.”

புத்தியுள்ள மானாக இருந்தால் சரி என்றிருக்கும். மருதாயியோ சங்கத் தலைவி. அவளுக்குக் கொள்கை இருந்தது.

“எனக்கு மட்டும்னா வேண்டாம். எல்லாருக்கும் மாத்தணும். முதல்ல வேங்கையப்பன் ஐயா வண்டிக்கு மாத்துங்க. அவருதான் ரொம்ப சிரமப்படறாரு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா,” என்றது உடும்பு. அதற்கே மனசு கேட்கவில்லை.

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

செய்தியைக் கேட்டதும் புலிக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னைப் பத்தி இப்படி அக்கறைப்பட இந்தக் காட்டுல யாரும் இருந்ததில்ல,” என்றார். அது உண்மைதான்.

பம்ப்புகள் மாறின. அன்று சாயங்காலம் மருதாயி மூங்கில் மேட்டில் ஏறினாள். இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. தன் போராட்டத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் பெரிய கார் ஒன்று அவளுடையதைவிட நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு வேங்கையப்பனே தலைமை தாங்கினார். “அந்தம்மா போராடலைன்னா எனக்கு இந்த பிக்கப் கிடைச்சிருக்காது,” என்றார். குரல் தழுதழுத்தது. நடுவில் ஓர் ஏப்பமும் வந்தது. குட்டியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். காலியான தலைவர் பதவிக்கு அதன் பெயரையே அவர் முன்மொழிந்தார்.

நீதி: ஒன்றுபட்டுப் போராடினால் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கும். அந்த ‘எல்லோரில்’ யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போராட்டத்தை ஆரம்பிக்கவும்.