கோயமுத்தூரில் வார்த்த சல்லடை

உடைந்த சாமானைக் கையில் எடுத்ததும் 'புதுசு எங்கே கிடைக்கும்?' என்று யோசிக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். 'இதை எந்தப் பட்டறையில் கொடுத்தால் செய்து தருவான்?' என்று யோசிக்கிறவர்கள் கோயமுத்தூர்க்காரர்கள். நான் பீளமேட்டில் பிறந்து வளர்ந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, நியூ ஜெர்சியில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். (நான் சொல்லப்போகிற அன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் படிப்பு கை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.)

அங்கே எடிசன் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம், பழைய ஓனர் சேர்த்துக் கட்டிய பெரிய அறை ஒன்று இருந்தது. சென்ட்ரல் ஹீட்டிங் அங்கே எட்டாது. அதற்காக அவர் ஒரு விறகு ஸ்டவ் வைத்திருந்தார். கறுப்பு இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற புகைக்குழாய். உள்ளே விறகு உட்காருவதற்கு ஒரு வார்ப்பிரும்புச் சல்லடை. சாம்பல் அதன் இடுக்கு வழியாகக் கீழே விழும். அந்தச் சல்லடை ஒரு டிசம்பரில் விரிசல் விட்டு இரண்டாக உடைந்தது.

ஸ்டவ் கடையில் விலை கேட்டேன். சொன்னார்கள். வழக்கம்போல மனசுக்குள் ரூபாயாக மாற்றினேன். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு பம்ப்செட்டே வாங்கித் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடலாம் என்று தோன்றியது.

"ஏங்க, வாங்கித் தொலைங்க. ஜனவரியில வளைகாப்பு. அத்தன பேரையும் அந்த ரூம்லதான் உட்கார வைக்கணும்," என்றாள் என் மனைவி சுதா. அவள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வளைகாப்புக்காக ஊரிலிருந்து வர டிக்கெட் போட்டாகிவிட்டது.

டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதுதான் எனக்கு யோசனையைக் கொடுத்தது. சல்லடையை அளந்து, படம் எடுத்து, மாமாவுக்கு, அதாவது சுதாவின் அப்பாவுக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமா கோயமுத்தூர் கணபதி பகுதியில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியின் வார்ப்புப் பிரிவில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடனே போன் வந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதெல்லாம் ஒரு மேட்டருங்களா? நம்ம பட்டறையில சொல்லி ஊத்திப்போடலாமுங்க!"

அதுவரை எங்கள் பேச்சு 'சாப்பிட்டீங்களா, அங்க குளிருங்களா' என்பதோடு முடிந்துவிடும். பிறகு அவர் போனை சுதாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவார். சல்லடைப் பேச்சு வந்த பிறகு தினமும் என்னைக் கூப்பிட்டார். அச்சு செய்தாயிற்று, மண் பதம் பார்த்தாயிற்று, ஊற்றியாயிற்று. அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டபோது, ஓய்வு பெற்றதிலிருந்து அவரிடம் யாரும் ஒரு வேலையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று புரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காசும் மிச்சம், மாமனாருக்கும் மகிழ்ச்சி.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிவிட்டது. எதையாவது எடுங்கள் என்றிருக்கிறார்கள். மாமா இரும்பை எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். மசக்கையிலிருந்தே சுதா கேட்டுக்கொண்டிருந்த கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரத்தை அத்தை ஒரு டின் நிறையச் சுட்டு எடுத்து வந்திருந்தார். அந்த டின், வழியனுப்ப வந்த சித்தப்பாவோடு ஆட்டோவில் வீடு திரும்பிவிட்டது. அவர்கள் நெவார்க் ஏர்போர்ட்டில் இறங்கியதும் இந்தச் செய்தியைக் கேட்ட சுதா, வீடு வந்து சேரும்வரை என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. (கர்ப்பிணிப் பெண்ணுக்கும் கச்சாயத்துக்கும் நடுவே இரும்பை வைக்கலாமா என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.)

மாமா பழைய வேட்டியைப் பிரித்துச் சல்லடையை வெளியே எடுத்தார். பளபளவென்று பச்சை நிறம். நம்ம ஊர்க் கிணற்றடிகளில் மோட்டார்கள் மினுங்குமே, அதே பச்சை.

"ரெண்டு கோட்டிங்குங்க. அடியில ரெட் ஆக்சைடு. துருவே புடிக்காது. அமெரிக்கா போகுது, ஃபினிஷிங் பாத்துப் பண்ணுடான்னு சொல்லிப்போட்டேன்."

நான், இன்ஜினியர், அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "சூப்பர் மாமா." உள்ளே வைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதே நான்கு கட்டையைப் போட்டுப் பற்றவைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அத்தை விடவில்லை.

"புது அடுப்புச் சாமானுங்க. அஷ்டமியும் அதுவுமா எதுக்கு? வளைகாப்பு அன்னிக்கு நல்ல நேரத்துல பத்த வெச்சுக்கலாம்."

அதுவும் சரியென்றே பட்டது. அதுவரை அந்த அறையைப் பூட்டி வைத்தோம்.

வளைகாப்பு அன்று வெளியே பனி கொட்டிக் கிடந்தது. விருந்தாளிகள் முன்வாசலில் ஷூக்களைக் கழற்றிக் குவித்துவிட்டு, குளிர் கோட்டுகளை மாடிக் கட்டிலில் போட்டுவிட்டு, பட்டுப்புடவை சரசரக்கப் பின்னறையில் கூடினார்கள். சுதா நடுவே உட்கார்ந்தாள். ஸ்டவ் கதவுக்கு அத்தை குங்குமம் வைத்தார். மாமா சூடம் ஏற்றி விறகைப் பற்றவைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கூச்சத்தோடு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. "சாம்பிராணியா போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் பக்கத்துத் தெரு சாரதா ஆன்ட்டி. கண்ணாடிக்குப் பின்னால் பச்சை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. 'என்ன ஆச்சு, பார்ப்போம்' என்று நான் கதவைத் திறந்தேன். குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த புகை, அழைப்பு வந்த மாதிரி அறைக்குள் வந்துவிட்டது. அலாரம் அலறியது. யாரோ பின்கதவைத் திறக்க, அத்தனை பேரும் அந்த வழியாகவே வெளியே ஓடினோம். ஷூக்கள் முன்வாசலில், கோட்டுகள் மாடியில், நாங்கள் பட்டுப்புடவையும் வெறுங்காலுமாகப் பனியில்.

சாரதா ஆன்ட்டி தன் மினிவேனை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, சுதாவை உள்ளே ஏற்றினார். சுதா டாக்டருக்கு போன் பண்ணினாள். மூச்சு சரியாக இருந்தால் பயமில்லை, நாளைக் காலை வந்து காட்டுங்கள் என்றார்கள். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அவர்கள் சல்லடையை இடுக்கியால் எடுத்துவந்து பனியில் போட்டார்கள். அது சீறியது.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவர்களில் மூத்தவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார். "டூ கோட்டிங் சார். அண்டர், ரெட் ஆக்சைடு."

அந்த மனிதர் மாமாவைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், "பெயின்டா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நொடியில்தான் மாமாவுக்கு விளங்கியது. அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அவர் செய்த இரும்பெல்லாம் தண்ணீரில் நின்ற இரும்பு. அதற்குத் துருதான் எதிரி. துருவை ஜெயித்தே பழகியவருக்கு, நெருப்பில் நிற்கப்போகிற இரும்பு அது என்பது மறந்துபோய்விட்டது. விலையைத் தவிர வேறெதையும் யோசிக்காத எனக்கு, மறப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை.

"ஐயோ, புள்ளத்தாச்சிப் பொண்ணு உள்ள இருந்தாளே," என்று சொல்லிவிட்டு மாமா தபால் பெட்டியருகே போய்த் தனியாக நின்றுகொண்டார்.

வளைகாப்பு மினிவேனில் நடந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அத்தை அவசரப்படுத்தினார். யாருடையது என்று பாராமல் கிடைத்த ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு, பெண்கள் வண்டிக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று, சுதாவின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். சுதா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மாமா மட்டும் கிட்டே வரவில்லை.

எங்கள் மகள் நிலா நல்லபடியாகப் பிறந்தாள். கடையில் வாங்கிய சல்லடை ஸ்டவ்வில் உட்கார்ந்தது. ஆனால் அதுவரை எங்கள் வீட்டில் குழாயையும் கதவுக் கீலையும் முடுக்கிக்கொண்டே திரிந்த மாமா, ஃபேன் ஸ்விட்ச்சைப் போடக்கூட என்னிடம் அனுமதி கேட்டார். "போடலாங்களா மாப்பிள்ளை?" அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. 'தப்பு என்னுதுதான் மாமா' என்று எத்தனை சொல்லியும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்களுக்கு இது வேடிக்கைக் கதையாகிவிட்டது. எந்தச் சாமான் பழுதானாலும் நான் 'ஊர்ல சொல்லிச் செஞ்சுக்கலாமே' என்று வாயெடுத்தால் போதும், வீட்டில் இருக்கிறவர்கள் எழுந்துபோய் ஷூ மாட்டிக்கொள்வார்கள். நிலாவுக்கு நடை வந்ததிலிருந்தே இது தெரியும். மாமா எதிரில் மட்டும் யாரும் செய்வதில்லை.

போன கோடையில் அவர் மறுபடி வந்திருந்தார். டிஷ்வாஷர் தட்டின் சக்கரம் உடைந்தது. விலையைப் பார்த்துவிட்டு என் வாய் பழக்க தோஷத்தில், "ஊர்ல சொல்லி…" என்றது. "எவ்ரிபடி, ஷூஸ்!" என்று நிலா கத்தினாள். சுதா அவளை முறைத்தாள்.

மாமா சோபாவிலிருந்து எழுந்தார். நேராக வாசலுக்குப் போய், குனிந்து, நிதானமாகத் தன் ஷூவை மாட்டி லேஸ் கட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தத் தடவ பெயின்ட் அடிக்க வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க," என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். சிரித்து முடித்ததும், யாரிடமும் போடலாமா என்று கேட்காமல் டிஷ்வாஷர் கதவைத் திறந்து, சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். ஷூவைக் கழற்றச் சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.