உள்ளேன் வாத்தியாரே, கொட்டாம்பட்டி

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, வாயைத் திறக்காமல் வகுப்பு நடத்தியவர் மதுரை ஜில்லாவில் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எங்கள் கமெண்ட் வாத்தியார் ஒருத்தர்தான்.

பேர் என்னவோ உண்டு. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவனியாபுரத்தில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் அவருடைய மாமா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பி.எட். முடித்து வேலை கிடைக்காமல் இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைவிட வயசில் சின்னவர். ஒல்லி. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர பாஷையில் பேசித் தீர்ப்பார். பரோட்டா சால்னாவைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். பாடம் என்றால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

நான் அப்போது லாரி கிளீனர். மீசையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. வண்டி ஓட்டத் தெரியும். ஹெவி லைசென்ஸ் எடுக்க அப்போது எட்டாவது பாஸ் வேண்டியிருந்தது. நான் ஆறோடு நின்றவன். முதலாளி ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"எட்டாவது பாஸ் பண்ணிட்டு வா. புது வண்டி சாவி உனக்குத்தான். இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்குறேன்."

பட்டறைப் பக்கம் என்னை மாதிரி இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். கூட்டமாக வாத்தியாரிடம் போய் நின்றோம்.

"தனியா பரிட்சை எழுதலாம்ணே. நான் சொல்லித் தாரேன்" என்றார்.

சொல்லித் தருவதாகத்தான் சொன்னார். சொல்லவே இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். "இது பிளாக்குண்ணே, நெட்டுல ஒரு நோட்டு மாதிரி. பாடத்தை நான் இதுல எழுதுவேன். நீங்க படிச்சுட்டு அடியில கமெண்ட் எழுதணும்."

முதல் பாடம் பின்னம். எனக்கு ஏறவில்லை. அவர் என் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தார்.

"வாத்தியாரே, கோட்டுக்குக் கீழ ஒரு நம்பர் கெடக்கே, அது எதுக்கு?"

திரும்பவே இல்லை. விரலை மட்டும் திரைப்பக்கம் நீட்டினார். "கமெண்ட்ல கேளுங்கண்ணே."

"யோவ், பக்கத்துலதானய்யா இருக்கேன்!"

"வாயில சொன்னா உங்களுக்கு மட்டும்தான் கேக்கும். சோலையண்ணே லோடோட போயிருக்காருல்ல, அவரு எப்புடிக் கேப்பாரு?"

சோலை அந்த ஐந்து பேரில் ஒருத்தன். என்னைப்போல் கிளீனர். என் கூட்டாளி. கேள்வியை எழுத்துக்கூட்டி அடித்தேன். முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வாத்தியார் பொறுமையாகப் படித்தார். என் பக்கத்திலிருந்தே பதிலும் அடித்தார். அதை நான் படித்தேன். எங்களைப் பார்த்த டீக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துக்கொண்டார். சமாதானம் பேச வந்தார்.

கீபோர்டில் இருந்தது இங்கிலீஷ் எழுத்து. எங்களுக்கு ஆகாது. நம்பர் பிளேட் ஒட்டுகிற கடையில் தமிழ் எழுத்துகளை ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி வாங்கினோம். சிவப்பு, மஞ்சள். ஒட்டி முடித்ததும் கீபோர்டு லாரியின் பின்பக்கம் மாதிரி மின்னியது. மாமா பார்த்துவிட்டு, "ஆர்.டி.ஓ.கிட்ட காட்டி இதுக்கு எஃப்சி எடுத்தாச்சா?" என்றார்.

வருகைப்பதிவும் பிளாக்கில்தான். எந்த ஊரில் இருந்தாலும் ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாடத்தைப் படித்துவிட்டு, அடியில் 'உள்ளேன் வாத்தியாரே' என்று போட்டு ஊர்ப் பேரையும் போட வேண்டும். போடாவிட்டால் ஆப்சென்ட். தாமதமானால் 'லேட்' என்று ஒரே ஒரு வார்த்தை பதில் வரும். ஒரு தடவை சோலை இப்படி எழுதினான்: 'உள்ளேன் வாத்தியாரே, கொட்டாம்பட்டி. ஆக்சில் ஒடிஞ்சு ரோட்டுல கெடக்கோம்.' அதற்கும் 'லேட்' என்றுதான் பதில்.

எங்களுக்காகவே கணக்கு எழுதினார். முக்கால் டேங்க் டீசல். அதில் பாதி தீர்ந்தது. மீதி எவ்வளவு?

கமெண்ட் குவிந்தது. 'எந்த வண்டி?' 'லோடா, காலியா?' 'டியூப்ல லீக் இருக்கும், பாருங்க.' கடைசியில் சோலை எழுதினான்: 'கிளீனர் வித்துருப்பான்.' எனக்குச் சுருக்கென்றது. 'நீயும் கிளீனர்தான்டா' என்று அடித்தேன். சண்டை நீண்டது. வாத்தியார் ஒரு வரி போட்டார். 'சண்டை நல்லா இருக்கு. விடை எங்கண்ணே?'

மறுநாள் நானே விடை போட்டேன். எட்டில் மூன்று. அடியில் சோலை எழுதினான்: 'எப்புடி வந்துச்சு மாப்ள?' டேங்கை எட்டுப் பாகமாக்கி நான் அவனுக்கு விளக்கினேன். திட்டாமல் விளக்கினேன். நான் எழுதியதற்கு வாத்தியார் ஒன்றுமே சேர்க்கவில்லை. அதுதான் பாராட்டு என்று பிறகு புரிந்தது.

சோலைக்கு ஆர்வம் தாங்கவில்லை. அவனுடைய வண்டியின் பின்பக்கம், 'ஒலி எழுப்பவும்' என்பதற்குக் கீழே, பிளாக் முகவரியைப் பெயிண்டில் எழுத வைத்துவிட்டான். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் படித்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாத ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 'உள்ளேன் வாத்தியாரே, சேலம்.' 'உள்ளேன் வாத்தியாரே, ஓசூர் செக்போஸ்ட்.' எல்லாருக்கும் பாரபட்சமில்லாமல் 'லேட்' போட்டார்.

பரிட்சை வந்தது. வண்டி எடுக்கும்போது சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். வாத்தியாரைச் சுழல் நாற்காலியோடு உருட்டிப் பழத்தின் மேல் ஏற்றினோம். பழம் நசுங்கவில்லை. வாத்தியார்தான் கவிழ்ந்தார்.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினோம். கணக்குப் பரிட்சை எனக்கு நன்றாகவே போனது. தாளைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திடீரென்று நினைவு வந்தது. கடைசி விடைக்கு அடியில், கை பழக்கத்தில், 'உள்ளேன் வாத்தியாரே, அவனியாபுரம்' என்று எழுதியிருக்கிறேன். தாளில் பேரோ ஊரோ இருந்தால் செல்லாது என்று ஹாலில் அத்தனை தடவை சொன்னார்கள்.

வாத்தியாரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் விரலைத் திரைக்கு நீட்டினார்.

அழுகிற நிலையில் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சோலையின் கமெண்ட் வந்தது. 'மாப்ள, நானும்தான் எழுதிட்டேன்.' அடுத்தவன்: 'நானும்.' அடுத்தவன்: 'எழுதக் கூடாதா?' ஆறு பேரும் எழுதியிருந்தோம். வாத்தியார் அன்றைக்குச் சால்னாவைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

ரிசல்ட் வரும்வரை புது வண்டி ஷெட்டில் நின்றது. முதலாளி வேறு ஒரு டிரைவரை வரச் சொல்லியிருந்தார்.

ரிசல்ட் வந்த மத்தியானம் வாத்தியாருக்குப் பின்னால் ஆறு பேரும் நின்றோம். திரையில் இங்கிலீஷில் இருந்த ரிசல்ட்டை அவர் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு வாத்தியாரே?"

பிளாக்கைத் திறந்தார். அடிக்க ஆரம்பித்தார். இரண்டே விரல். 'நம்', 'நம் வகுப்பில்', 'நம் வகுப்பில் தேர்வு எழுதிய'...

"யோவ், வாயில சொல்லுய்யா!" என்று சோலை கத்தினான்.

'அனைவரும்' என்று வந்தது. கரண்டு போனது.

ஜன்னல் இல்லாத அறை. யாரோ ஒருத்தன் லைட்டரைப் பற்ற வைத்தான். கீபோர்டு எழுத்து மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. அனைவரும் என்ன?

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாஸுண்ணே! அம்புட்டுப் பேரும் பாஸு!" குரல் உடைந்து கீச்சென்று போனது. வகுப்பில் அவர் வாயால் சொன்ன விடை அது ஒன்றுதான்.

அந்தத் தாள்களைத் திருத்தியவர் யாரோ, சிரித்துக்கொண்டே விட்டிருக்க வேண்டும். அவர் நன்றாக இருக்கட்டும். வாத்தியாரைத் தூக்கி லாரி கேபினில் உட்கார வைத்தோம். அவனியாபுரம் முழுக்க ஏர் ஹாரன் அடித்தோம். ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவனுக்குக்கூட அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததில்லை. "லைசென்ஸை எடுத்துட்டு ஓட்டு" என்று முதலாளி வாசலுக்கு வந்து சாவியை நீட்டினார்.

பிறகு வாத்தியாருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பிளாக்கில் புதுப் பாடம் வந்து பல வருஷம் ஆகிறது. நான் வண்டி ஓட்டுகிறேன். எந்த ஊரில் நிறுத்தினாலும் போனில் அந்தக் கடைசிப் பாடத்தைத் திறந்து உள்ளேன் போடுவேன். 'லேட்டுண்ணே' என்று பதில் வந்துவிடும்.

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து போட்டேன். பதில் வர ரொம்ப நேரமானது. அது வரும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.