கொட்டாவி அண்ணன் தூங்காத காலை

ஆரணியில் படுத்துக்கொண்டே பிழைத்த மனிதர் கொட்டாவி அண்ணன் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜீப் மெக்கானிக். வாயைத் திறந்தால் பாதி பேச்சு, பாதி கொட்டாவி.

சந்தவாசல் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மழை பெய்தால் அந்தப் பாதையில் மாடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அதற்காக அப்பா வாங்கிய பழைய ஜீப்புக்கு இவர்தான் வைத்தியர். என்ஜினை ஓடவிட்டு, அடியில் பாய் விரித்துப் படுத்து, கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் எது என்ஜின் சத்தம், எது குறட்டை என்று பிரிக்க முடியாது. அப்பா பொறுமையிழந்து பானெட்டைத் தட்டுவார். அடியிலிருந்து பணிவாகப் பதில் வரும்.

"தூங்கலீங்க. கேட்டுகினு கீறேன்."

ஒருமுறை நிலத்துப் பாதையில் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டியில் முன்சக்கரங்கள் மட்டும் சும்மா இருந்தன. அண்ணனைப் போன் போட்டு வரவழைத்தோம். வந்தவர் நேரே புளியமரத்தடியில் போய்ப் படுத்துவிட்டார். இலைகளுக்கிடையே வெயில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் சொக்கியது. பிறகு எழுந்து, முன்சக்கரங்களின் நடுவில், அவற்றை என்ஜினோடு சேர்க்கும் பூட்டுகளைத் திருப்பினார். ஜீப் ஏறிவிட்டது. கனவில் வந்ததாம். போன வாரம் கிரீஸ் வைத்தபோது அவற்றைத் திருப்ப மறந்தவரும் அவர்தான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அரக்கும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறத்தைக் கல்யாணப் புடவைக்காகப் பெண் தேடித் தேடிப் பிடித்திருந்தாள். அதே சாயத்தில் மறுபடி நூல் கிடைக்காது. தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவு அறுந்தால் அந்தப் புடவை அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவை நீள நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பாவு கட்ட எங்கள் முனையிலிருந்த கல்தூணைச் சாக்கடை வேலைக்காகப் பிடுங்கியிருந்தார்கள். நெசவாளர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கள் ஜீப்பின் முன்கொக்கியில் அந்தக் கல்யாணப் புடவையின் பாவைக் கட்டிவிட்டார்கள். ரிப்பேரில் கிடந்த அந்த ஜீப் நகரும் என்று தெருவில் யாருக்கும் நம்பிக்கையில்லை.

அண்ணன் வந்து பார்த்தார். கொட்டாவி பாதியில் நின்றது. முந்தின நாள் மாலைதான், ஏதோ சத்தம் வருகிறதென்று, அடியில் என்ஜினையும் சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றியிருந்தார். அவை இல்லாவிட்டால் அந்த ஜீப்பில் கியரும் நிற்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. பின்பக்கமோ சரிவு. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த ஒரு கல்தான் ஜீப்பையும் என் கல்யாணப் புடவையையும் தாங்கிக்கொண்டிருந்தது.

அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். ஈரப்பாவைத் தளர்த்தினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். இன்னும் இரண்டு கல் கொண்டுவந்து வைத்தோம். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. பின்னால் போய், ஜீப்புக்கு முதுகு கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அதுதான் கல் இருக்கிறதே என்றேன்.

"கல்ல நம்ப முடியாது தம்பி. கண்ணசந்துடும்."

வெயில் ஏறியது. தெரு நெடுக அந்த நிறம் காற்றில் லேசாக நடுங்கியபடி மிதந்தது. அண்ணனின் இமைகள் இறங்கும், தொடையைக் கிள்ளிக்கொள்வார்.

"எதுனா பேசிகினே இரு தம்பி."

பேசினேன். பெண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். கண்ணை அகல விழித்து, ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டார். எனக்கு அந்தக் காலை முடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

கஞ்சி காய்ந்தது. பாவை அவிழ்த்துச் சுற்றி எடுத்தார்கள். அண்ணன் அப்படியே தெருவில் சாய்ந்து தூங்கிப்போனார். போகிற வண்டிகளெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

இப்போதும் ஜீப்புக்கு அடியிலிருந்து குறட்டை வருகிறது. அப்பா பானெட்டைத் தட்டக் கை ஓங்கினால், என் மனைவி வாசலுக்கு வந்துவிடுவாள்.

"விடுங்க மாமா, தூங்கட்டும். எம்பொடவைக்காக முழிச்சிகினு இருந்தவரு."

அப்பா கையை இறக்கிவிடுவார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அண்ணனின் கால்களில் வெயில் படுகிறதே என்று, குடையை எடுத்துவந்து விரித்து வைப்பார்.