எட்டு டயரும் ஒரு சிவப்புக் காரும்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வலது கையை வேதப்புத்தகத்தின் மேலும் இடது கையைச் சூடான காப்பிக் கோப்பையின் மேலும் வைத்துச் சொல்லக்கூடிய உண்மை இது. சந்தேகப்படுகிறவர்கள் கெலோவாரா பெட்ரோல் பங்க்குக்குப் போய், அங்கே காப்பிக்கடையின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். பனியில் வண்டி ஓட்டுவதைப் பற்றி அந்த மூவர் சொன்னதை எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

முதல் பனி விழுந்த காலை, இல்போவின் சிவப்புக் கார் அந்தப் பெட்ரோல் பங்க்குக்குள் பக்கவாட்டில் நுழைந்தது.

பக்கவாட்டில் நுழைய வேண்டும் என்று இல்போ நினைக்கவில்லை. அவன் பிரேக் போட்டான். மீதியைக் கார் முடிவு செய்தது. ஒரு முழு வட்டம் போட்டு, காப்பிக்கடைச் சுவரோடு சார்த்தியிருந்த மூன்று உதைவண்டிகளில் ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. நாற்காலிக்கு அடியில் இரண்டு நீள இரும்புப் பட்டை வைத்து, பின்னால் நின்று ஒரு காலால் உதைத்துப் பனியில் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று வாசலில் கிடக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைக்குள்ளிருந்து ஒன்னி ஓடி வந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விழுந்த உதைவண்டியைத் தூக்கி நிறுத்தி, இரும்புப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

யாருடைய பொருளானாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை அக்கறை என்று இல்போ நெகிழ்ந்துபோனான்.

இல்போ ஊருக்குப் புதியவன். பின்லாந்தின் தென்கோடியில் துர்க்கு நகரத்தில் பிறந்து வளர்ந்து, எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கவும் பாடற்குழுவை நடத்தவும் கோடையில்தான் வந்து சேர்ந்தான். கூடவே மனைவி பிர்யோ வந்தாள். அவர்களுக்கு முன்னால் சிவப்புக் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. கோடையில் அது போகும்போது மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"இந்தக் காரை இங்க பனியில ஓட்ட முடியாது" என்று பிர்யோ அன்று காலையும் சொல்லியிருந்தாள்.

"நல்ல டயர் போட்டா ஓட்டலாம்."

"சரி. சிர்க்காவோட டிராக்டர் உன்னை ஒரு தடவை இழுத்தா, புதுசுன்னு விட்டுடறேன். ரெண்டு தடவை இழுத்தா வாயைத் திறக்க மாட்டேன். மூணாவது தடவை இழுத்தா காரை வித்துடணும். சம்மதமா?"

இல்போ சம்மதித்தான். அந்தக் காரை அவன் எவ்வளவு நேசித்தான் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: ஆர்கனைத் துடைக்க வைத்திருந்த மான்தோல் துணியால்தான் அதையும் துடைத்தான். முதலில் காரை.

கடைக்குள் போனதும் மூவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கல்லாவிலிருந்த சிர்க்கா, கேட்காமலே காப்பியும் ஏலக்காய் பன்னும் கொண்டுவந்து வைத்தாள். காப்பிக்கடையும் அவளுடையது, ஊருக்கே பனி தள்ளுகிற டிராக்டரும் அவளுடையது. பேச்சு மட்டும் சொந்தமாக அதிகம் வைத்துக்கொள்ளாதவள்.

"ஆர்கன்காரரே, வெளிய நிக்கிறது காரா, உதட்டுச் சாயமா?" என்றார் கலேர்வோ. தலையிலிருந்து கம்பளித் தொப்பியைக் கழற்றாத குட்டை மனிதர்.

"டயர் மாத்தணும் பெரியவரே. பனிக்கு எது நல்லதுன்னு உங்களை மாதிரி அனுபவஸ்தர்கள்தான் சொல்லணும்."

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதுவரை அந்த மேசையிடம் யாரும் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

"ஆணி" என்றார் கலேர்வோ. "அடியில ஆணி இல்லாம ஏத்தத்துல ஒரு அடி வைக்க முடியாது."

"ஆணியாம் ஆணி!" என்றார் ஒன்னி. "தாருல தேயும், கல்லுல வழுக்கும், கடைக்குள்ள வந்தா சிர்க்கா திட்டுவா. நல்ல ரப்பர் போதும். ஆணி வேணும்கிறவன் கால் நடுங்கி."

"போன வருஷம் தபாலாபீஸ் முன்னாடி மல்லாந்து கிடந்தது யாரு, நானா?"

"அது தூங்கிட்டேன்."

கடைக்குள் ஏன் டயர் வரப்போகிறது என்று இல்போ யோசித்திருக்கலாம். அவனுடைய கவலை வேறு. கலேர்வோவும் ஒன்னியும் அவனுடைய பாடற்குழுவின் கீழ்க்குரல்கள். குழுவில் கீழ்க்குரல் மொத்தமே அவர்கள் இருவர்தான். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் திருவருகை ஞாயிறு வரும். அன்று வருடம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவன்கூடத் துதிப்பாடலுக்கு வந்துவிடுவான். அந்தப் பாட்டில் கீழ்க்குரல் இல்லாவிட்டால் ஆர்கன்காரன் அடுத்த ரயிலில் தெற்கே போய்விடுவது நல்லது. முன்பிருந்த ஆர்கன்காரர் ஆணி விஷயத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு, அரைக் கீழ்க்குரலோடு பாட்டை முடித்தாராம்.

ஆகவே இல்போ டயர் கடைக்குப் போய் நான்கு ஆணி டயரும், நான்கு ஆணியில்லாத டயரும் வாங்கினான்.

"ரெண்டும் கலந்து போட்டா சட்டப்படி தப்பு" என்றார் டயர் கடைக்காரர்.

"கலக்க மாட்டேன்" என்றான் இல்போ. அப்போது அவனுக்கு அந்த எண்ணம் இல்லைதான்.

கலேர்வோவும் ஒன்னியும் ஒரே மேசையில் உட்காருவார்கள்; ஆனால் ஒரே நாளில் பாடிப் பழக மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கலேர்வோ, வியாழக்கிழமை ஒன்னி. எனவே இல்போ திங்கட்கிழமை ஜாக்கி வைத்து ஆணி டயரை மாட்டினான். புதன்கிழமை கழற்றி ஆணியில்லாததை மாட்டினான். விரல் ஸ்பேனரோடு ஒட்டிக்கொள்கிற குளிர். ஆர்கன் வாசிப்பில் அவனுடைய இடது கை சுண்டுவிரல் அந்த மாதம் கலந்துகொள்ளவே இல்லை.

"அந்தப் பெரியவங்க சொல்ற ஆணி விஷயத்துல எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் பிர்யோ, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. என்ன தோன்றுகிறது என்று சொல்லவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சனிக்கிழமை முழுக்குழு ஒத்திகை வந்தது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வாசலில் நிற்பார்கள். இல்போ நெடுநேரம் யோசித்தான். கலேர்வோ எப்போதும் வாசலுக்கு இடப்பக்கம் நின்று புகைபிடிப்பார். ஒன்னி புகை ஆகாமல் வலப்பக்கம் நிற்பார். இல்போ இடப்பக்கத்து இரண்டு சக்கரத்திலும் ஆணி டயரும், வலப்பக்கத்து இரண்டிலும் ஆணியில்லாததும் மாட்டினான்.

கார் நேராகத்தான் போனது. பிரேக் போட்டபோதுதான் இடப்பக்கம் பிடித்துக்கொண்டது, வலப்பக்கம் பயணத்தைத் தொடர்ந்தது. கார் சுழன்று, பள்ளத்தில் இறங்கி, வீட்டைப் பார்த்தபடி நின்றது.

சிர்க்கா டிராக்டரோடு வந்தாள். கயிற்றை மாட்டினாள். இடப்பக்க டயரைப் பார்த்தாள். சுற்றிப் போய் வலப்பக்க டயரைப் பார்த்தாள்.

"ம்" என்றாள். இழுத்துவிட்டுப் போனாள்.

இல்போ நடந்து ஒத்திகைக்குப் போனபோது மூவரும் ஏற்கெனவே வந்து, கோட்டைக் கழற்றி, கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பனியில் இவர்கள் எப்படித்தான் ஒரு நாளும் தாமதிக்காமல் வருகிறார்களோ!

"வண்டி சுத்துதுன்னா ஒரே காரணம்தான்" என்றார் மூன்றாமவர் தைஸ்தோ. பாடமாட்டார், துணைக்கு வருகிறவர். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "பின்னாடி கனம் பத்தல. எம் பொண்டாட்டி முன்னாடி உக்காந்தா வண்டி நேரா போகும், திரும்பவே திரும்பாது. பின்னாடி நல்லா கனமா ஒருத்தன் இருந்தா, சொன்ன பேச்சு கேக்கும்."

இல்போவுக்கு அது நியாயமாகப் பட்டது. காரில் பின்னிருக்கை கிடையாது. எனவே ஒருத்தனுக்குப் பதிலாக டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினான். எட்டு டயரில் எது என்ற கேள்விக்கு, நாலும் ஆணியாக மாட்டி, ஒன்னி பார்க்கும் இடத்தில் காரை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தான்.

மணல் ஈர மணல். மறுநாளே உறைந்து ஒரே பாறையாகி டிக்கியோடு ஒட்டிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொண்டது. முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது.

மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற நாட்கள். ஏரிக்கரைச் சாலையில் இல்போ வளைவுகளில் திரும்பத் திரும்ப, தாழ்ந்த மேகத்தில் இரண்டு பெரிய வெளிச்சங்கள் அலைந்தன. கண்ணாடிக் குடில்களில் வடதுருவ வானத்தில் அலையும் ஒளியைப் பார்ப்பதற்காக ஒரு வாரமாகக் காத்துக்கிடந்த வெளியூர்க்காரர்கள், உள்ளாடையோடு பனியில் ஓடி வந்து கைதட்டினார்கள். ஒரு பெண்மணி அழுதாள். குடில்காரர் மறுநாள் இல்போவுக்குப் போன் செய்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று பணிவோடு கேட்டார்.

இல்போ அந்தக் கைதட்டலை ரசிக்கும் நிலையில் இல்லை. முன்சக்கரம் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினான், கார் திரும்பவில்லை. ஒரு பனிக்குவியலுக்குள் கதவுவரை போய் நின்றது.

சிர்க்கா வந்தாள். டிக்கியைத் திறந்து பாறையைப் பார்த்தாள்.

"ம்" என்றாள். இம்முறை சற்று நீளமாக.

பிர்யோ சொன்ன சொல் தவறவில்லை, வாயைத் திறக்கவில்லை. சூப்பை மேசையில் வைத்துவிட்டு, கார் விற்பனை விளம்பரத்துக்குத் தோதாக ஒரு நல்ல புகைப்படம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. மறுநாள் திருவருகை ஞாயிறு. இல்போ கடைசித் தடவையாக ஜன்னலோர மேசைக்குப் போனான். முகத்தைப் பார்த்ததும் மூவரும் காப்பியைக் கீழே வைத்தார்கள்.

"சக்கரத்தைச் சுத்திப் பனி அடைச்சுக்குது. பின்னாடி கனத்துல ஒரேயடியா இறுகிக்குது" என்றான். "நாளைக்கு மட்டும் ஒழுங்கா கோயில் போய்ச் சேர்ந்துட்டா போதும். இன்னொரு தடவை மாட்டினா கார் போயிடும்."

மூவருக்கும் கண் கலங்கியது. ஒரு மனிதனின் வண்டி போவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

"பனி ஒட்டுதா?" என்றார் ஒன்னி. "அவ்வளவுதானே! அடியில மெழுகு தேய்க்கணும். சூடா, மெல்லிசா, ரெண்டு பூச்சு."

இல்போ ஆச்சரியத்தோடு பார்த்தான். "டயர்லயா?"

"அடியில எது இருக்கோ அதுல. எங்கப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

"இதுல ஒன்னி சொல்றது சரிதான்" என்றார் கலேர்வோ.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கல்லாவிலிருந்த சிர்க்கா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ பெட்ரோலுக்குப் பணம் கட்ட வந்துவிட்டார்.

இல்போ கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேகரித்து உருக்கி, நான்கு டயரிலும் பூசினான். ஆணிகள் மறையும்வரை பூசினான். இரண்டு பூச்சு சொன்னார்கள். கார்மேல் இருந்த பிரியத்தில் மூன்றாகப் போட்டான்.

வீடு மேட்டின் உச்சியில். தேவாலயம் நடுவில். ஏரி அடியில். ஞாயிறு காலை பாட்டுத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பிர்யோ பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் அழகாகப் புறப்பட்டது. ஒரு சத்தமில்லை, ஒரு குலுக்கலில்லை.

"பார்த்தியா?" என்றான் இல்போ.

"பார்க்கிறேன்" என்றாள் பிர்யோ. "கோயில் வருது."

இல்போ பிரேக் போட்டான்.

"கோயில் போகுது" என்றாள் பிர்யோ.

தேவாலயப் படிகளில் ஊரே நின்றிருந்தது. போதகர் வெள்ளை அங்கியில் கையை உயர்த்தினார். மரியாதைக்கு இல்போவும் கையை உயர்த்தினான். கார் அவர்களைக் கடந்து, படகுத்துறை வழியாக, அந்த வருடம் சீக்கிரமே உறைந்து இறுகியிருந்த ஏரியின் மேல் போய், மூன்று வட்டம் போட்டு, பனியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்றது. அவர் தலையசைத்துவிட்டுத் தூண்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சிர்க்காவின் டிராக்டர் ஏற்கெனவே கரையில் நின்றிருந்தது.

"உங்க வீட்டம்மா நேத்தே சொல்லிட்டாங்க" என்றாள் சிர்க்கா, கயிற்றை மாட்டிக்கொண்டே.

பிர்யோ காருக்குள் இடம் மாறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். இல்போ டிராக்டரில் சிர்க்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். மேலே கோயிலில் பாட்டை அவன் இல்லாமலே ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்க்குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டும் கேட்டது.

டிராக்டர் உறுமிக்கொண்டு மேடேறியது. இல்போ திரும்பிப் பார்த்தான். கயிற்றின் கடைசியில் சிவப்புக் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"வித்துடறேன்" என்றான். "பேச்சுன்னா பேச்சு. ஆனா விக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும் சிர்க்கா. எந்தப் பனியிலயும் அந்த மூணு பேரும் எனக்கு முன்னாடி வந்து நிக்கிறாங்களே, அவங்க கார்ல அப்படி என்னதான் டயர் போட்டிருக்காங்க?"

சிர்க்கா தேவாலயச் சுவர் ஓரமாக டிராக்டரை நிறுத்தினாள். அங்கே சார்த்தியிருந்த மூன்று உதைவண்டிகளையும், பக்கத்தில் பனியில் பதிந்திருந்த ஆணிப் பூட்ஸ் தடத்தையும் பார்த்தாள்.

"காரா?" என்றாள். "அவங்க மூணு பேருக்கும் ஏது கார்? பொறந்ததுலேர்ந்து இதோ இதுலதான வர்றாங்க."